இந்த மேஜையை விட்டு இறங்காது

"நீ சும்மா உக்காருக்கா, நாங்க பாத்துக்கறோம்."

என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். நடந்து திரிந்த நாளில் ஒருவரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்துதானே இருக்கிறேன், இதற்கு மேல் எங்கே போய் உட்காருவது என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் அதைச் சொல்வதில்லை.

எனக்கு இருப்பது தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போகும் நோய். அண்ணாமலை நகரில் படித்தபோது நடந்துதான் வகுப்புக்குப் போனேன். கடைசி வருஷம் மட்டும் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு. இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. கைகளைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. வலது கை விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அந்த இரண்டு விரல்களில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

பிழைப்பு என்றால் ஆல்பம் டிசைன். கடலூர், பண்ருட்டிப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணம், மஞ்சள் நீர், சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புதுநன்மை என்று எடுத்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன். காடாம்புலியூர் முந்திரிக் கொல்லைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எந்தச் சித்தப்பா எந்தப் பெரியப்பாவோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். யார் பக்கத்தில் யார் நிற்கவில்லை என்று பார்த்தாலே போதும்.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பிழைப்பும் படுத்துவிடும். மெக்கானிக் வருவார், "கடைக்கு எடுத்துட்டுப் போயிதான்க்கா பாக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அதன் பிறகு போன் எடுக்க மாட்டார். ஸ்டுடியோக்காரர்கள் "பரவால்லக்கா, நீங்க மொதல்ல ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, படுத்தது பெட்டி என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு ஏறாது.

ஒரு தடவை பெட்டி போய்த் திரும்பி வருவதற்குள் முகூர்த்த சீசனே முடிந்துவிட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன். புதிதாக ஒன்றை உதிரி உதிரியாக வாங்கி நானே கட்டுவேன். நானே கட்டியதை நானே கழற்றலாம், நானே பழுது பார்க்கலாம், எவன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தலை சீவுவது, ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவது, சோறு பிசைவது என்று ஒவ்வொன்றாக என் கையை விட்டு அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த ஒன்றாவது அடுத்தவர் கையிலிருந்து என் கைக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

தம்பி எனக்குப் பின்னால் பிறந்தவன்தான். எனக்கு நோய் வந்த நாளிலிருந்து அண்ணன் ஆகிவிட்டான். மாடியில் குடும்பத்தோடு இருக்கிறான். கீழே நானும் அம்மாவும். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏங்க்கா, ஒரு ஸ்பூன் கீழ வுழுந்தாலே எடுக்க ஆளு கூப்புடுற. அதுல அம்புட்டு ஸ்க்ரூ இருக்கும்."

"அதான் ஸ்க்ரூ கீழ வுழாத மாதிரி கட்டப் போறேன்," என்றேன்.

கடலூர்க் கடைக்காரர்கள் எல்லாம் அவனுக்குத் தெரிந்தவர்கள். நான் ஒன்று கேட்டால் அவனுக்குப் போன் போட்டு, "அக்கா என்னமோ கேக்குறாங்களே, குடுக்கவா?" என்பார்கள். அதனால் சிதம்பரம் போகலாம் என்றேன். அண்ணாமலை நகர் மாணவர்கள் உதிரி சாமான் வாங்கும் கடை ஒன்று தேரோடும் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. தம்பி காரில் கூட்டிக்கொண்டு போனான். கடை மாடியில். படியேற எனக்கு வழியில்லை. தம்பி மேலே போய்ச் சொல்ல, கடைக்காரர் பாதிப் படி வரை இறங்கி வந்து நின்றார்.

"யாருக்கு சார்? பசங்க படிப்புக்கா?"

தம்பி தெருவில் நாற்காலியில் இருந்த என்னைக் காட்டினான்.

"ஓ, இவங்களுக்கா. சும்மா படம் பாக்க, பாட்டு கேக்கன்னா இவ்ளோ ஜாஸ்தி தேவையில்ல சார். சின்ன லேப்டாப்பே போதும்."

"ஆல்பம் டிசைன் பண்றதுக்கு," என்றேன் நான்.

"ஆல்பமெல்லாம் பண்ணுவாங்களா சார்?" என்று தம்பியிடமே கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணா, நான் இங்க கீழ இருக்கேன். அவன் கார் ஓட்டிட்டு வந்தவன். வாங்குறது நானு. என்னப் பாத்துப் பேசுங்க."

அவர் முகம் சுருங்கியது. பாகங்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் வாரண்டி வராது, கடையிலேயே மாட்டித் தந்துவிடுகிறோம், அதுதான் உங்களுக்கு நல்லது என்றார். "ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி வாரண்டி அட்டைப்பெட்டி மேலயே போட்டுருக்கு. உங்க கை பட்டாதான் அது செல்லும்னு எங்க போட்டுருக்கு, காட்டுங்க" என்றேன். பின்னால் பைக்கில் நின்றிருந்த இரண்டு மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கடைக்காரர் மீதிப் படிகளையும் இறங்கி வந்தார்.

சாமான் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தெருவில்தான். அவர் எடுத்துக் காட்டியதெல்லாம் வேகத்தை வைத்து. நான் கேட்டதெல்லாம் வேறு. "இது அழுத்தி மாட்டுறதா, திருகி மாட்டுறதா?" பிராசசர் மேல் உட்காரும் காற்றாடியில் ஒரு வகைக்கு நாலு மூலையிலும் கட்டை விரலால் ஓங்கி அழுத்த வேண்டும். அது எனக்கு ஆகாது. திருகும் வகைதான் வேண்டும் என்றேன். பெட்டி அகலமாக வேண்டும், பக்கத்துத் தகடு கையால் திருகும் ஸ்க்ரூவில் கழல வேண்டும், பவர் சப்ளை ஒயர்கள் வேண்டாதபோது உருவி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் எல்லாம் வீடியோ பார்த்து, என் இரண்டு விரல்களைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். இப்படி ஒரு கேள்வி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை போல. கடைசியில் "பாத்து செய்ங்க சார்" என்று தம்பியிடம்தான் சொன்னார்.

என் மேஜை கால் அறுத்த மேஜை. நாற்காலியோடு முழங்கால் உள்ளே போகும், முகவாய் பலகைக்கு மேலே சற்று உயரத்தில் நிற்கும். காலிப் பெட்டியைத் தூக்கி அதன் மேல் படுக்க வைத்தது தம்பி. வைத்துவிட்டு, "அப்ப நானும் சேந்துதான் கட்டுனேன்னு சொல்லிக்கலாம்ல?" என்றான் கிண்டலாக.

"நம்ம கோயில் வாசல்ல கல்வெட்டு இருக்குதே, இன்ன ஃபாதரால் கட்டப்பட்டதுன்னு. அவரு எத்தினி சட்டி சிமெண்ட் தூக்குனாரு?" என்று கேட்டேன். எனக்கு இதில் உண்மையிலேயே பெரிய கோபம் உண்டு. கால் உள்ளவர்கள் ஆள் வைத்துச் செய்தால் அவர்கள் கட்டியது. நான் ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னால் மட்டும் பிறர் கட்டியது. இது என்ன நியாயம் என்று இதுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

வேலை மெதுவாக நடந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டித் தடிமனாக்கினேன். அப்போதுதான் வலது உள்ளங்கையில் நிற்கும். ஸ்க்ரூவைப் புருவ முடி எடுக்கும் இடுக்கியால் பிடித்து ஓட்டையில் நிறுத்துவேன். ராம் என்கிற அந்தப் பட்டையை அதன் பள்ளத்தில் அழுத்தி உட்கார வைக்க வேண்டும், டக்கென்று சத்தம் வரும் வரைக்கும். என் கட்டை விரலுக்கு அந்த வலு கிடையாது. பூரிக்கட்டையில் துணி சுற்றி, பட்டையின் முதுகில் நீளவாக்கில் வைத்து, முழங்கையையும் நெஞ்சையும் அதன் மேல் சாய்த்தேன். விரலுக்கு இல்லாத வலு உடம்பின் எடைக்கு இருந்தது. டக். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டை உடைந்துவிட்டது என்று நினைத்துத்தான் முதலில் அழுதேன். உடையவில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அழுதேன்.

மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பெரிய பிளக் ஒன்று உண்டு. அதை மாட்டுவதற்கு மட்டும் ஒரு பகல் போனது, தோசைத் திருப்பியின் மரப்பிடியும் வேண்டியிருந்தது. வேர்வை போர்டில் சொட்டக் கூடாதென்று நெற்றியில் துண்டு கட்டியிருந்தேன். கடலூர்ப் புழுக்கத்தில் துண்டு நனைந்தால் அம்மா அவிழ்த்து வேறு துண்டு கட்டுவாள். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது என்பது என் சட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. பக்கத்துத் தகட்டை மூடவில்லை. மறுநாள் தம்பி வீட்டில் இருப்பான், அவன் கண் முன்னால் போட வேண்டும் என்று எனக்கு வீம்பு. அப்போதுதான் அம்மா ஆரம்பித்தாள்.

"மொதல்ல ஃபாதரக் கூட்டியாந்து மந்திரிச்சிடலாம்டி."

எங்கள் வீட்டில் எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடங்க முடியாது. தம்பியின் கார் கோயில் வாசலில் தீர்த்தம் தெளித்த பிறகுதான் முதல் ஓட்டம் ஓடியது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும்கூட அப்படித்தான். எனக்கோ மந்திரிப்பது என்றாலே எரிச்சல். பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், என்னைக் கேட்காமலே, என் தலையில் கை வைத்து, குணமாக வேண்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். நான் அந்த நேரத்தில் எந்த ஆல்பத்தின் அட்டைக்கு என்ன நிறம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

"மொதல்ல ஓடட்டும். ஓடுனப்புறம் யார வேணா கூப்புடு," என்றேன்.

"ஓட்டுனதுக்கு அப்புறம் மந்திரிச்சி என்னாத்துக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை. அம்மா முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டாள். தம்பி காபி டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்றான். நான் பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை, நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. உடனே சுவர் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கத்தினேன்.

தம்பி மெதுவாக, "பரவால்லக்கா, இவ்ளோ தூரம் பண்ணதே பெருசு" என்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'இவ்ளோ தூரம்' இருக்கிறதே, அதுதான் என்னை அறைந்தது. எனக்கு இவ்வளவு தூரம் போதும் என்று அவனே கோடு போட்டுவிட்டான்.

சிதம்பரம் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் ரொம்ப நிதானமாகச் சொன்னார். "பிராசசர் அடியில இருக்குற பின்ன வளைச்சிருப்பாங்க சார். கை நடுங்கும்ல. இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன். அப்படியே கொண்டாந்துடுங்க, நான் பாத்துக்குறேன்."

தம்பி ஒயரை உருவப் போனான். நான் சக்கரங்களை உள்ளங்கையால் தள்ளி, நாற்காலியை மேஜைக்கும் அவனுக்கும் நடுவில் குறுக்கே போட்டு, முழங்கையால் பிரேக்கை இறக்கினேன்.

"தொடாத. இது இந்த டேபிள வுட்டு எறங்காது."

"அக்கா, அடம் புடிக்காத. அவரு பத்து நிமிஷத்துல..."

"என் கை நடுங்காதுடா. வலு கெடையாது, அவ்ளோதான். நடுங்காது. அந்தாளுக்கு என் கையப் பத்தி என்னா தெரியும்? உனக்குமாடா தெரியாது?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். நான் பெட்டிக்குள் குனிந்தேன். குனிந்தேன் என்று சொல்வது சரியில்லை. என் கழுத்து தானாகவே முன்னால் விழும், முகவாயைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதது அந்த உயரத்தில் எனக்குத் தெரிந்தது. போர்டின் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், சொட்டு காய்ந்த தடம். ராம் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு காயாமலே மின்னியது.

"வேர்வையா இருக்கும்," என்றான் தம்பி, எட்டிப் பார்த்து.

நான் அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்தேன். மேலிருந்து கீழே ஒரு வரிசை. குறுக்கே ஒரு வரிசை.

"வேர்வை சிலுவை போடாதுடா," என்றேன்.

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் பூசைக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. சாமி படத்துக்குக் கீழே, மாதா உருவத்தில், நீலக் கிரீடம் மூடியாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் பாட்டில் கிரீடத்தைக் கழற்றிய மாதா மாதிரி மூடியில்லாமல் நின்றது. எங்கள் பங்குக் கோயிலில் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம் அது. வட்டங்கள் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் அந்த உப்புதான்.

"ஏம்மா தண்ணி தெளிச்ச?"

"தண்ணி இல்லடி, தீர்த்தம்!" என்றாள் அம்மா, நான் ஏதோ தெய்வ நிந்தனை செய்துவிட்ட மாதிரி. "சேசுவே, நல்லது நடக்கட்டும்னுதான் பூசைக்குப் போறப்ப..."

போனிலிருந்து ஒரு குரல் வந்தது. நாங்கள் அவரை மறந்தே போயிருந்தோம். "சார்... என்னாத்த தெளிச்சாங்க?"

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "அண்ணா, பின்னு வளையல. கை நடுங்கல. எங்கம்மா மந்திரிச்சிட்டாங்க. போன வைங்க," என்றேன். பிறகு அம்மாவைத் திட்டினேன், நன்றாகவே திட்டினேன். நான் தோற்றுவிடுவேன் என்று பயந்துதானே தெளித்தாய், என் மேல் நம்பிக்கை இருந்தால் பாட்டிலை எடுத்திருப்பாயா என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நீ தோத்துடுவேன்னு இல்லடி," என்றாள் கடைசியில். "தோத்தா நீ தாங்க மாட்டியேன்னுதான்."

நான் திட்டுவதை விட்டுவிட்டு இடுக்கியை எடுத்தேன்.

"சரி, நான் கழட்டுறேன், நீ சொல்லு. சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றான் தம்பி. உண்மைதான், சீக்கிரம் முடிந்திருக்கும். வேண்டாம் என்றேன். மாட்டியதை எல்லாம் நானே கழற்றினேன். மாட்டுவதைவிடக் கழற்றுவது கஷ்டம். அந்தப் பெரிய பிளக்கை அசைத்து அசைத்து எடுப்பதற்குள் கட்டை விரல் நகம் பிளந்துவிட்டது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்டு உப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். டேபிள் ஃபேன் எதிரில் எல்லாவற்றையும் பரப்பிக் காய வைத்தேன். அம்மா அந்த அறைப் பக்கமே வரவில்லை. துண்டு மாற்றக்கூட வாசலில் நின்று "வரலாமாடி?" என்று கேட்டுத்தான் வந்தாள். இரண்டாம் முறை கட்டும்போது பூரிக்கட்டையை எங்கே சாய்ப்பது, ஸ்க்ரூவை எந்தப் பக்கமிருந்து நிறுத்துவது என்று என் உடம்புக்கே தெரிந்திருந்தது. முதல் முறையைவிட வேகமாக முடித்தேன். 'சும்மா உக்காரு' என்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தடவை யார் கண் முன்னாலும் போட வேண்டும் என்று தோன்றவில்லை. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது, நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் வந்தன. "அம்மா," என்று மட்டும் கூப்பிட்டேன். மீன் கையோடு ஓடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் பங்கு ஃபாதர் வீட்டுக்கு வந்தார். ஓடிய பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடு என்று நான்தானே சொன்னேன். திரையில் ஒரு புதுநன்மை ஆல்பம் திறந்திருந்தது. அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "நீங்க பண்ணுனதா?" என்றார்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எம் பொண்ணு கட்டுனது ஃபாதர். தள்ளி நின்னு மந்திரிங்க. தண்ணி பட்டா அவ திரும்பக் கட்டிடுவா. நம்மளத்தான் அப்புறம் உள்ள வுட மாட்டா."

ஃபாதருக்குக் கதை தெரியாது. தீர்த்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதை மந்திரிப்பது என்று விழித்தார். பிறகு வழக்கம்போல என் தலையை நோக்கிக் கை வந்தது.

"தலை வேணாம் ஃபாதர்," என்றேன். "கொணமாகணும்னும் கேக்காதீங்க. இத மந்திரிங்க." இரண்டு கைகளையும் மேஜை மேல் எடுத்து வைத்தேன். வலது கையை இடது கையால் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. "கட்டுனது இதுங்கதான்."

அவர் என் கைகளின் மேல் சிலுவை வரைந்து தீர்த்தம் தெளித்தார். பிளந்த நகத்தில் உப்பு பட்டு எரிந்தது. அவர் போன பிறகு அம்மா துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் கீபோர்டைத் தொட்டேன்.